ரிவர்ஸ் ஓட்டிய பரீட்சை

தூத்துக்குடியிலிருந்து காண்ட்லாவரை, கடலோரமாகச் சரக்கு ஏற்றி இறக்குகிற இடங்களில் எல்லாம் வேலை பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: ரிவர்ஸைப் போல ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட இன்னொருவர் இந்தியாவில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் என் கண்ணில் பட்டிருப்பார். அவள் ஓட்டி நான் பார்த்தது மொத்தம் பதினோரு நிமிடம். அதற்குள் டீசல் தீர்ந்துபோனது. இருந்தாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ள இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஃபோர்க்லிஃப்ட்டைப் பார்க்காதவர்களுக்காக: முன்னால் இரண்டு நீள இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, எதையாவது தூக்கக் கொடுங்கள் என்று கேட்பதுபோல் நிற்கும் வண்டி அது. அதில் முன்சக்கரம் திரும்பாது, பின்சக்கரம்தான் திரும்பும். கார், ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்கள் ஏறினால் முதல் நாளே சுவரில் போய் நிற்பார்கள். ஒன்றுமே ஓட்டத் தெரியாதவர்களுக்குத்தான் அது சீக்கிரம் வசப்படும். அந்த வகையில் எங்கள் வகுப்புக்கு முழுத்தகுதி இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கேரளத்தின் மட்டாஞ்சேரியில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில், பத்தாவது முடித்தவர்களுக்காகத் தொழிற்பிரிவு ஒன்று இருந்தது. அதில் சரக்கு வண்டி ஓட்டும் படிப்பு. நான் அதில் சேர்ந்ததற்குக் காரணம் வண்டி அல்ல, காக்கி. அந்தப் பிரிவுக்கு மட்டும் இரண்டு செட் காக்கி உடுப்பு இலவசம். அப்போது என்னிடம் இருந்தது ஒரு சட்டை. அம்மா சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தாள். சட்டையைத் துவைத்துப்போட்டால் மட்டாஞ்சேரி மழையில் காய மூன்று நாளாகும். மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறவனுக்குக் கல்வி ஏறாது என்று எனக்கே தெரிந்திருந்தது.

எங்களுக்கு வாத்தியார் தங்கப்பன் சார். நல்ல மனுஷர். டிப்ளமோவில் அவர் படித்தது பம்புசெட். ஃபோர்க்லிஃப்ட் என்ற வஸ்துவை அவரும் எங்களோடுதான் முதன்முதலாகப் பார்த்தார். எதிரே துறைமுகத் தீவில் இருந்த ஏதோ ஒரு கிடங்கு கழித்துக் கட்டிய வண்டியைப் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்திருந்தார்கள். லாரியில் வந்து இறங்கியது. தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. டீசல் வாங்க அனுமதி கேட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கடிதம் போனது. கடிதம் போன வேகத்தில் வண்டியின் சீட்டில் ஒரு கோழி முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்துவிட்டது. பதில் வரவில்லை.

அதுவரை சார் மேசைமேல் பாடம் நடத்தினார். டஸ்டர்தான் வண்டி, சாக்பீஸ் பெட்டிதான் லோடு, மேசைதான் துறைமுகம். டஸ்டரை மெல்ல நகர்த்தி, பெட்டிக்கு அடியில் இரண்டு பென்சிலைச் செருகி, "இப்போ தூக்குறோம்" என்பார். பதினேழு பையன்கள் கொட்டாவி விடுவோம். முன் பெஞ்சில் ஒருத்தி மட்டும், கப்பலே மூழ்கப்போகிறது என்பதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

அவள்தான் ரிவர்ஸ். வகுப்பில் இருந்த ஒரே பெண். அவள் சேர்ந்த அன்று கிளார்க்கின் மேசை முன்னால் நானும் வரிசையில் நின்றேன்.

"குட்டிக்குத் தையல் பிரிவுல இடமிருக்கு" என்றார் கிளார்க்.

"தையல் வேண்டா சார். உட்கார்ந்து ஓட்டுற வண்டி வேணும்."

"தையல் மெஷினும் உட்கார்ந்து ஓட்டுறதுதானே?"

"அது இருந்த இடத்துலயே இருக்குமே சார்."

கிளார்க் விண்ணப்பத்தை இழுத்து முத்திரை குத்தினார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. நகரசபைக் குப்பை வேலைக்கென்று அவளுடைய கொள்ளுத்தாத்தாவைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். அவருக்குப் பின் தாத்தா, தாத்தாவுக்குப் பின் அப்பா. அப்பாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவர் ஓய்வில் போனால் அந்த இடம் மகளுக்கு என்று மேஸ்திரி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரிய உபகாரம் செய்கிற முகத்தோடு சொன்னாராம். அதே சமயம், தீவில் இருந்த ஒரு சரக்குப் பெட்டி முனையத்தில் எங்கள் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு ஒருவரைப் பயிற்சிக்கு எடுப்பதாக ஏற்பாடு. செய்முறைப் பரீட்சையில் யாருக்கு முதல் மதிப்பெண்ணோ அவருக்கு.

"பிராக்டிக்கல்ல நான் ஃபர்ஸ்ட் வரணும். இல்லேன்னா எங்க வீட்டுல நாலாவது தொடப்பம் என் கையில" என்றாள் என்னிடம், சாதாரணமாக.

மீதிப் பதினேழு பேருக்கும் முதலில் வரும் உத்தேசம் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. சொன்னாலும் நம்பமாட்டாள்.

வகுப்புக்கு இருந்தது ஒரே புத்தகம், ஆங்கிலத்தில். சார் அதை மலையாளத்தில் சொல்வார். அவள் மலையாளத்தில் எழுதிக்கொள்வாள். எனக்கு மலையாளம் எழுத வராது என்பதால் தமிழில் திருப்பிச் சொல்வாள். மூன்று மொழி தாண்டி என்னிடம் வந்து சேரும்போது விதி மிகவும் களைத்திருக்கும். அவளிடத்தில் அது விறைப்பாக நின்றது. எங்களுக்கு அதெல்லாம் பாடம். அவளுக்கு அது வாழ்க்கை நடத்துகிற முறை.

புத்தகத்தில் ஒரு விதி: 'லோடு பார்வையை மறைத்தால் பின்பக்கமாகச் செல்லவும்.' மறுநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தாள். பெரிய குடத்தின்மேல் சின்னக் குடத்தை வைத்து நெஞ்சோடு சேர்த்துத் தூக்கினாள். முகம் மறைந்தது. உடனே திரும்பி, இடது தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டு, வீடுவரை பின்பக்கமாகவே நடந்தாள். முக்கு வந்தபோது வாயால் "பீப், பீப்" என்றாள்.

"இந்தக் குட்டிக்கு எந்தா ஆச்சு?" என்று சாயாக்கடைக்காரர் கேட்டார். அன்றைக்கு அவர்தான் ரிவர்ஸ் என்று பெயர் வைத்தார். ஒரு வாரத்தில் தெரு முழுக்க அதுவே பெயர். ஒரு மாதத்தில் தங்கப்பன் சாரே வருகைப் பதிவு எடுக்கும்போது "ரிவர்ஸ்" என்று கூப்பிட, அவளும் "பிரசன்ட் சார்" என்று சொல்லிவிட்டாள். பஜார் ரோட்டின் ஆடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மிளகு லாரி வந்து இடித்தாலும் அவை படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்காது. அந்த ஆடுகள் ரிவர்ஸின் "பீப்" கேட்டால் எழுந்து ஓரமாகப் போய் நின்றன.

ஒருநாள் குடங்களோடு அவள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தபோது, அவள் போகிற பக்கமாகவே ஒரு கல்யாண ஊர்வலம் வந்து அவளுக்கு நேரே சேர்ந்துவிட்டது. முன்னால் பேண்டு வாத்தியம். பின்பக்கமாக நடக்கிறவளுக்கு முன்பக்கம் வாத்தியக்காரர்களைப் பார்த்து இருக்குமல்லவா. தங்களை நடத்திக்கொண்டு போகத்தான் யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். அவள் சந்துக்குள் திரும்பும் முன் விதிப்படி ஒரு கையை நீட்டிச் சைகை காட்டினாள். பேண்டும் திரும்பியது. மாப்பிள்ளை கார் நேராகப் போய்விட்டது. அவள் வீட்டு வாசலில் குடத்தை இறக்கும்வரை பன்னிரண்டு பேரும் நின்று வாசித்தார்கள். அவளுடைய அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருக்குடி கல்யாணம்?" என்று கேட்டாள்.

இன்னொரு விதி: 'இருக்கையை விட்டு எழுமுன் கைகளைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, சாவியை எடுக்கவும்.' பெஞ்சிலிருந்து எழும்போதெல்லாம் இரண்டு கைகளையும் தரையில் வைப்பாள், காற்றில் ஒரு பிரேக்கை இழுப்பாள், காற்றிலிருந்து ஒரு சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்தால் கோபமே வராது. "இரி, இரி. சாவி என்கிட்டதான் இருக்கு" என்பாள்.

பின்சக்கரம் திரும்பும் சூட்சுமத்தை அவள் கண்டுபிடித்தது அப்பாவின் தள்ளுவண்டியில். குப்பை வண்டிக்கு முன்னால் சக்கரம், பின்னால் கைப்பிடி. வலப்பக்கம் போக வேண்டுமானால் பின்பகுதியை இடப்பக்கம் வீச வேண்டும். "ஃபோர்க்லிஃப்ட்டும் இதேதான்டா. வால்தான் ஓட்டுது" என்று என்னிடம் வந்து சொன்னபோது அவள் கண் பெரிதாக இருந்தது. அப்பா அதே வண்டியை முப்பது வருஷமாகத் தள்ளியிருக்கிறார். தான் இவ்வளவு நாளும் இயந்திரப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவிய வண்டியை வாங்கிக்கொண்டு பள்ளி மைதானத்துக்கு வருவாள். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பிடியைப் பின்னால் பிடித்துத் தள்ளிப் பழகுவாள். பின்பக்கமாக வண்டி போகும்போது வழி காட்டக் கையால் சைகை கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதற்கு என்னைப் பிடித்தாள்.

"எடா, இன்னியிலிருந்து நீ என் கண்ணு."

"கண்ணா?"

"பின்னாடி பார்க்கிற கண்ணு. வேற அர்த்தம் எடுக்க வேண்டா."

நான் எடுக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவும் வேண்டாம்.

வா, நில், இடம், வலம், தூக்கு, இறக்கு. ஆறு சைகை. "கை ஷெரியா காட்டு. அது எந்தா, ஈ ஓட்டுற மாதிரி?" என்று அதட்டுவாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதட்டல் வாங்கினேன். நான்காவது ஞாயிற்றுக்கிழமை எனக்குள் இருந்த பிசாசு விழித்துக்கொண்டது. தங்கப்பன் சார் ஏதோ ரிஜிஸ்டர் எடுக்க வந்து, மைதானத்து ஓரம், வாய்க்கால் பக்கத்தில், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனார். நான் "வா" காட்டினேன். ரிவர்ஸ் வந்தாள். இன்னும் "வா" காட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, நிதானமாக, நேர்க்கோட்டில், குப்பை வண்டியால் ஸ்கூட்டரை வாய்க்காலுக்குள் தள்ளினாள். கடைசி நொடியில் நிறுத்திவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சார் ஓடி வந்தார். வாய்க்காலில் ஸ்கூட்டரின் கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. ரிவர்ஸ் அவரிடம் என் பெயரைச் சொல்லவில்லை. அவர் போனபின் நானே கேட்டேன்.

"ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கல?"

"சிக்னல் கேட்டு வந்தேன். நீ காட்டின இடத்துக்கு வந்தேன். எனக்கு என்ன தப்பு?" என்றாள். கொஞ்சம் கழித்து, "பின்னே, நீதான் கண்ணு. கண்ணையே நம்பலேன்னா எங்ஙனே வண்டி ஓட்டுறது?" என்றாள்.

திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இரண்டாம் வருஷக் கடைசியில் பரீட்சை வந்தது. டீசல் அனுமதி வரவில்லை. தங்கப்பன் சார் ஒரு மீன்பிடி படகுக்காரரிடம் கெஞ்சி, ஒரு கேனில் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் டீசல் கொண்டுவந்தார். கோழிக் குடும்பத்தைக் காலி செய்தோம். வண்டி இருமியது, புகை விட்டது, ஓடியது. எல்லோரும் கைதட்டினோம். தொட்டியில் இருப்பது இத்தனை பேருக்கும் போதுமா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் ரிவர்ஸ் ஒரு காரியம் செய்தாள். புத்தகத்தின் முதல் பக்கத்தில், 'லோடு தூக்குமுன் அப்பகுதியில் வேலை செய்யும் அனைவருக்கும் அறிவிக்கவும்' என்று இருந்தது. உலகத்தில் வேறு எந்த ஊரில் இந்த விதியைப் பின்பற்றினாலும் ஆபத்தில்லை. ரிவர்ஸ் நேராக, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர் கொட்டகைக்குப் போய், "சேட்டா, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எங்க ஸ்கூல்ல எட்டுச் சாக்கு மெஷின்ல தூக்குறோம்" என்று அறிவித்துவிட்டு வந்தாள்.

கேரளத்தில் லாரியிலிருந்து ஒரு மூட்டை கீழே இறங்க வேண்டுமானால் அந்தந்தப் பகுதி சுமட்டுக்காரர்கள்தான் இறக்க வேண்டும். நீங்களே இறக்கினாலும், மெஷின் இறக்கினாலும், அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கூலி உண்டு. நோக்குக்கூலி என்று பெயர். அப்படிப்பட்டவர்களிடம் போய், மெஷின் வைத்துத் தூக்கப்போகிறோம் என்று ஒருத்தி வலிய வந்து சொன்னது அதுவே முதல் தடவை. அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

காலை பத்து மணிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து பரீட்சை அதிகாரி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மதிய ரயிலுக்கு டிக்கெட். பத்து அடித்து ஐந்து நிமிடத்தில் நீலச்சட்டையும் தலையில் கட்டிய துவர்த்துத் துண்டுமாகப் பதினைந்து சுமட்டுக்காரர்கள் வந்தார்கள். முன்னால் அவர்களின் தலைவர் அந்தோணிச்சேட்டன். கழுத்தே இல்லாத மனிதர். முப்பது வருஷ மூட்டை அதை உள்ளே அழுத்திவிட்டது.

"லோடு எவிடே?" என்றார்.

சார் எட்டு மணல் சாக்கைக் காட்டினார். மரப்பலகைத் தட்டின்மேல் அடுக்கி வைத்திருந்தது.

"எங்கே போகணும்?"

சார் யோசிக்காமல், மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்த மேடையைக் காட்டிவிட்டார். அவ்வளவுதான். பரீட்சை அதிகாரி பேனா மூடியைக் கழற்றுவதற்குள் எட்டுச் சாக்கும் எட்டுத் தலையில் ஏறி, ஓடி, மேடையில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

"எந்தா இது?" என்றார் அதிகாரி.

"வேலை முடிஞ்சு சார்" என்றார் அந்தோணிச்சேட்டன்.

"இது பரீட்சை ஹே. திரும்ப இவிடே கொண்டுவரணும்."

"அது வேற லோடு" என்றார் அந்தோணிச்சேட்டன். அதையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். செய்முறைப் பரீட்சையில் அவர்கள் இரண்டு தடவை பாஸாகிவிட்டார்கள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லோடு இல்லாமல் வெறும் வண்டி ஓட்டினால் மதிப்பெண் கிடையாது, லோடு தூக்க முடியாவிட்டால் பரீட்சை ரத்து, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்களுக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் இன்னும் இரண்டு செட் காக்கி கிடைக்குமா என்றுகூட நான் யோசித்தேன். பிறகுதான் ரிவர்ஸின் முகத்தைப் பார்த்தேன். அப்பாவின் ஓய்வு அடுத்த மாதம்.

அவள் அந்தோணிச்சேட்டன் முன்னால் போய் நின்றாள்.

"சேட்டா, சாக்கு உங்களோடது."

"அதே."

"பெட்டி?"

"எங்களோடது."

"மரம், கம்பி, சிமெண்டு?"

"எல்லாம். மோளே, இந்த ஏரியாவுல தரையை விட்டு எது எழும்பினாலும் எங்க தலை வழியாத்தான் எழும்பணும்."

"குப்பை?"

அந்தோணிச்சேட்டன் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பதினைந்து பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"அது வேற ஆளுகளோடது" என்றார்.

"அந்த ஆளு நான்தான்" என்றாள் ரிவர்ஸ்.

அவள் சொல்லியனுப்பிய அரைமணி நேரத்தில் அவளுடைய அப்பா மீன் மார்க்கெட்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரத் தயங்கினார். அந்தப் பள்ளியைச் சுற்றி முப்பது வருஷம் பெருக்கியிருக்கிறார், வாசலைத் தாண்டி வந்ததில்லை.

"ஏன் மோளே, பரீட்சைக்கு மீன் கழிவா? வேற நல்ல சாமான் ஒண்ணும் கிடைக்கலையா?"

"இதுதான்ப்பா யாரும் கை வைக்கமாட்டாங்க. உள்ள வா."

அவரும் அவருடைய கூட்டாளி ஒருவருமாக நாலு டிரம் மீன் கழிவை இன்னொரு மரப்பலகைத் தட்டின்மேல் ஏற்றினார்கள். அதற்குமேல் கூடை கூடையாக இறால் தலை, அழுகிய முட்டைக்கோசு, அன்னாசி ஓலை. ஆளுயரத்துக்கு வந்தது. வெயில் ஏற ஏற அது தன் இருப்பைத் தெரிவித்தது. சுமட்டுக்காரர்கள் துவர்த்தைத் தலையிலிருந்து அவிழ்த்து மூக்கில் கட்டிக்கொண்டு வாசல்வரை பின்வாங்கினார்கள்.

"சேட்டா, நோக்குக்கூலி?" என்று நான் கேட்டேன்.

"வேண்டா. நோக்கவும் வேண்டா" என்றார் அந்தோணிச்சேட்டன்.

பரீட்சை அதிகாரி சட்டம் பார்த்தார். பாடத்திட்டத்தில் 'லோடு' என்றுதான் இருந்தது, வாசனை பற்றி ஒன்றும் இல்லை. கைக்குட்டைக்குள்ளிருந்து, "தொடங்கு" என்றார். பட்டியலில் பெண்கள் முதலில் என்பதால் ரிவர்ஸ்தான் முதல் ஆள்.

ஏறினாள். இரும்புக் கைகளைத் தட்டின் அடியில் செருகினாள். தூக்கினாள். குப்பை மலை அவள் முகத்தை முழுக்க மறைத்தது. அவள் திரும்பி, இடது தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அவள் பின்னால் பார்க்கும் கண் நான்தான் என்பதும், அந்தக் கண் ஒரு ஸ்கூட்டரை வாய்க்காலில் தள்ளிய கண் என்பதும் எனக்கு அப்போது உறைத்தது. வாழ்க்கையில் அதுவரை நான் எதையும் ஒழுங்காகச் செய்ததில்லை. "வா" காட்டினேன்.

வந்தாள். பரீட்சைக்காக வரிசையாக நிறுத்தியிருந்த காலி எண்ணெய் டிரம்களுக்கு நடுவே இடமும் வலமுமாக, வால் வீசி, ஒன்றையும் உரசாமல், பின்பக்கமாக. எங்கள் யாருக்கும் அப்படி முன்பக்கமாகக்கூட நடக்க வராது. பதினேழு பையன்களும் மூக்கைப் பிடிக்க மறந்துபோனார்கள். பாதி மைதானம் தாண்டியபோது மலை உச்சியிலிருந்து ஓர் அன்னாசித் தலை நழுவி, வண்டிக் கூரைமேல் உருண்டு, பின்சக்கரம் போகிற வழியில் விழுந்தது.

அவளுடைய அப்பா இவ்வளவு நேரமும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குப்பை தரையில் விழுந்ததைப் பார்த்ததும், கட்டு அவிழ்ந்தது. யார் பரீட்சை, எந்த வண்டி என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். துடைப்பத்தோடு குனிந்தபடி நேராக வண்டியின் பின்னால் போனார்.

நான் "நில்" காட்டினேன். இரண்டு கையையும் விரித்து, உயிரை விரித்து.

வண்டி நின்றது. அவள் ஏன் என்று கேட்கவில்லை, என் கையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. என் கை விரிந்த கணத்தில் நின்றுவிட்டது. மேலே ஓர் இறால் தலைகூட அசையவில்லை. பின்சக்கரத்துக்கும் அவர் முதுகுக்கும் நடுவே ஒரு முறம் வைக்கலாம், அவ்வளவுதான் இடம்.

பிறகுதான் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா."

"ஒண்ணுமில்ல மோளே, கொஞ்சம் சிந்திப்போச்சு. இதோ எடுத்துடுறேன்."

"அது கிடக்கட்டும்ப்பா. நீ மாறி நில்லு."

"சார் வந்திருக்காரு. அசுத்தமா கிடக்கே."

"கிடக்கட்டும்ப்பா" என்றாள். "இன்னிக்கு ஒரு நாள் அதைப் பெருக்காதே."

அவர் துடைப்பத்தை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு, தப்பு செய்த பள்ளிப்பையனைப் போல ஓரமாக வந்து என் பக்கத்தில் நின்றார். நான் மறுபடி "வா" காட்டினேன். மேடைவரை போய், உயர்த்தி, வைத்து, கைகளை உருவி, தரையில் இறக்கி, பிரேக் இழுத்து, நிஜமான ஒரு சாவியை நிஜமாகவே திருப்பி எடுத்தாள். டீசல் தீர்ந்து வண்டி தானாக அணைந்ததும் அவள் அணைத்ததும் ஒரே நேரத்தில் நடந்தது என்பதைப் பின்னால்தான் கண்டுபிடித்தோம்.

வாசலிலிருந்து அந்தோணிச்சேட்டன் துவர்த்துக்குள்ளிருந்து சொன்னார்: "லோடு சாயாம வெச்சிருக்கா. தொழில் தெரிஞ்சவ." அந்த மனிதர் ஒரு மெஷினை மதித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

மீதிப் பதினேழு பேருக்கு வண்டி இல்லை. ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. அதிகாரி எங்களை வரிசையில் நிறுத்தி, காற்று வீசும் திசையைப் பார்த்துத் தான் நின்றுகொண்டு, ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டார். என்னிடம், "வண்டி நிறுத்தியதும் முதலில் என்ன செய்யணும்?" என்றார். "இறங்கணும் சார்" என்றேன். என் படிப்பு அத்தோடு முடிந்தது. எனக்கு வருத்தமில்லை, ஒரு செட் காக்கி இன்னும் கிழியாமல் இருந்தது.

ரிவர்ஸ் முதலில் வந்தாள். தீவில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாள் அவளை அழைத்துப்போனது தங்கப்பன் சார், அதே ஸ்கூட்டரில். அது வாய்க்காலிலிருந்து வந்தபின் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் பழக்கம் பெற்றிருந்தது. அந்த மழையிலேயே என் அம்மா வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். ஓட்டலில் மேசை துடைத்தேன், கப்பல் பெயிண்ட் சுரண்டினேன், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து மூன்று மாதம் படுத்தேன். அப்புறம் துறைமுகங்களில் சிக்னல்காரனாக நின்றேன். ஆறு சைகை தெரியும் என்றேன், எடுத்துக்கொண்டார்கள்.

சில வருஷம் கழித்து ஒருமுறை மட்டாஞ்சேரி வழியாக வந்தபோது அவளுடைய அப்பாவைச் சாயாக்கடையில் பார்த்தேன். காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அந்த இடத்துக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டாராம்.

"மோளு இப்போ இங்க இல்ல. வடக்க ஏதோ பெரிய துறைமுகம். கப்பல் பெட்டியைத் தூக்குற வண்டியாம். மேல ஏறி உட்கார்ந்தா கீழ இருக்கிறவனுக்கு ஆளே தெரியாதாம்."

"எந்த ஊரு?"

"பேரு வாயில நுழையல மோனே. ரயில்ல மூணு நாளு. போன் பண்ணுவா, வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நானும் சும்மா ம்ம்னு சொல்லுவேன்." பிறகு கடைக்காரரைப் பார்த்து, "இவனுக்கு ஒரு சாயா" என்றார்.

வடக்கே இருக்கும் துறைமுகங்களில் நிறைய நின்றுவிட்டேன். வண்டி நின்றதும் சிக்னல்காரனுக்கு வேலை முடிந்தது, மற்றவர்கள் கையை உதறிக்கொண்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும், மேலே ஓட்டுகிறவர் அறையின் கண்ணாடிக் கதவு திறந்து, ஏணியில் இறங்கி வருவது யாரென்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.